மஞ்சள் ஊதாவாகும் வரை

பத்து பத்துக்கு மஞ்சளை ஊற்றி முடித்தேன். இனி நான்கு மணி நேரம் செய்வதற்கு ஒன்றுமில்லை. தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் இருக்கிறது. இரண்டு பத்துக்குத்தான் திறக்கவேண்டும், முன்னாலேயே திறந்து பார்த்தால் சூடு போய்விடும், பொறுமையும் போய்விடும், பொறுமை போய்த்தான் நாளாயிற்றே. ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதுகு வலிக்கிறது. முப்பத்தாறு வயதில் இப்படி முதுகு வலிக்கக்கூடாது என்று அம்மா சொல்வாள், அம்மாவுக்கு என்ன, அவள் முப்பத்தாறில் இரண்டு பிள்ளை பெற்று முடித்துவிட்டாள், நான் ஒரு தீசிஸை இன்னும் பெற்று முடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும். இன்று செவ்வாய். உயிருள்ள செல் இந்த மஞ்சள் சாயத்தைத் தின்று ஊதாவாக்கிவிடும், செத்த செல் மஞ்சளை மஞ்சளாகவே விட்டுவிடும், அவ்வளவுதான் சூத்திரம், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஆறு வருடமாக நான் ஸ்பெர்மின் ஊற்றிய குழிகளெல்லாம் மஞ்சளாகவே இருந்திருக்கின்றன. நோய் எதிர்ப்புக்கென்று ரத்தத்தில் சுற்றும் டி செல்களை ஸ்பெர்மின் சாகடிக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் எழுதினேன், நூற்று எண்பது பக்கம். இன்று பன்னிரண்டு குழியில் மட்டும் ஸ்பெர்மினோடு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறேன். அமினோகுவானிடின். அந்தப் பன்னிரண்டும் மஞ்சளாகவே இருந்தால் நான் எழுதியது சரி. ஊதாவானால் என்ன என்பதை நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை, நான்கு நாளாக அதன் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பி வருகிறேன்.

நான்கு நாளுக்கு முன்னால்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. நாங்கள் அனுப்பிய கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்ல ஒரு பத்திரிகை யாரிடமோ கொடுக்கும், அந்த யாரோ யாரென்று நமக்குத் தெரியாது. மிகவும் நல்ல மனிதராகத்தான் இருக்கவேண்டும், முதல் இரண்டு பத்தி பாராட்டு. படிக்கும்போதே அம்மாவுக்கு போன் போடலாமா என்று நினைத்துவிட்டேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. செல் வளர்க்கும் திரவத்தில் கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் சேர்த்திருக்கிறீர்களே, அந்தச் சீரத்தில் ஸ்பெர்மினை வெட்டும் நொதி ஒன்று உண்டே, அதைத் தடுக்க ஏதாவது போட்டீர்களா? பணிவான கேள்வி. ஹெப்சிபா மேடம், என் கைடு, அதைத் தன் அறையில் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு, "அதான் எப்பவும் போடுறோமே. அந்த ஒரு வரியை எழுதி அனுப்பிடு செண்பகம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். எதைப் போடுகிறோம் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், வாயில் முத்தா உதிர்ந்துவிடும், சொல்லவில்லை, தலை தானாக ஆடிவிட்டது. ஆறு வருடமாக அந்த அறைக்குள் போனால் ஆடும் தலை. வெளியே வந்து வராந்தாவில் நின்று தேடிப் படித்தேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தெரிந்திருக்கிறது. கன்றுச் சீரத்தில் ஸ்பெர்மினை ஊற்றினால் அந்த நொதி அதை உடைத்து அக்ரோலின் என்ற விஷத்தை உண்டாக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் கூட வரும். செல் சாவது அதில்தான், ஸ்பெர்மினால் அல்ல. அந்த நொதியைத் தடுத்து நிறுத்துவதுதான் அமினோகுவானிடின். அக்ரோலின் வேறொன்றுமில்லை, கருகிய எண்ணெய்ப் புகையில் கண்ணைக் கரிக்கிறதே அதுதான். பஜ்ஜிக் கடையில் சட்டி காந்திப்போனால் நாம் எழுந்து வெளியே வந்துவிடுகிறோம். செல் எங்கே போகும், குழிக்குள் கிடக்கிறது.

பதினொன்றுகூட ஆகவில்லை. பாவம் ஸ்பெர்மின், பெயரிலேயே அதற்கு விதி சரியில்லை. விந்தில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். பெண்பார்க்க வந்தவர்கள் என்ன ஆராய்ச்சி என்று கேட்டபோது அம்மா அடுக்களையிலிருந்து கண்ணைக் காட்டினாள், நான் பாலிஅமீன் என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன், மாப்பிள்ளையின் சித்தப்பா ஏதோ துணி வகை என்று நினைத்துக்கொண்டு திருப்பூர் நிலவரம் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த இடம் அமையவில்லை. ஸ்பெர்மினுக்குத் தம்பிமுறை ஒன்று உண்டு, புட்ரெசின், அழுகலில் கண்டதால் அழுகல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்னொன்றுக்குப் பிணத்தின் பெயர். முதலில் எந்த இடத்தில் கண்ணில் பட்டதோ அந்த இடத்தையே பெயராக வைத்துவிட்டால் பிறகு காலத்துக்கும் அதே பேச்சுத்தான். உண்மையில் இவை இல்லாத செல் கிடையாது. பிறந்த குழந்தைக்குள் நிறைய இருக்கும், வயதாக ஆகக் குறையும். டி செல் ஒன்று கிருமியைப் பார்த்துவிட்டு இரண்டாகி நான்காகிப் பெருகவேண்டுமென்றால் இவை வேண்டும், இல்லாவிட்டால் பெருகாது. உயிர் கொடுப்பதும் இதுதான், அளவு மீறினால் எடுப்பதும் இதுதான் என்று என் முன்னுரையில் அழகாக எழுதியிருக்கிறேன். மேடம் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார். அந்த டிக்கை ஒரு வாரம் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது இப்போது.

இசக்கிக்காகத்தான் இதை எடுத்தேன். அப்படிச் சொன்னால் பேட்டி கொடுப்பதுபோல இருக்கும், அதனால் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அதுதான் நிஜம். என் தங்கைக்கு இருபத்திரண்டு வயதில் லூபஸ் வந்தது. கிருமியை அடிக்கவேண்டிய செல்கள் தன் உடம்பையே அடிக்கிற நோய். நல்ல உடம்பில் வேலை முடிந்த டி செல் தானாகச் செத்துவிடும், யாரும் கொல்லவேண்டாம், நேரம் வந்ததும் தன்னை ஒழுங்காக மடித்துக்கொண்டு போய்விடும். அவளுக்குள் சில சாவதில்லை. போகச் சொன்னாலும் போவதில்லை, எங்கள் தாய்மாமா கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் இதைச் சொன்னபோது நான் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், சாகாததைச் சாகவைக்க ஒரு வழி இருக்கும், அதைப் படிக்கவேண்டும். முதல் வருடம் ஸ்பெர்மின் ஊற்றி முதல் தட்டு முழுக்க மஞ்சளாக நின்ற நாளில் பேருந்து நிறுத்தத்திலிருந்தே அவளுக்கு போன் செய்தேன். "செத்துருச்சுட்டி, எல்லாம் செத்துருச்சு" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைவிட்டுத் தள்ளி நின்றாள். செத்தது கருகிய எண்ணெயில். அதையா கொண்டுபோய் அவளுக்குக் கொடுக்கப்போகிறேன்?

பாண்டியம்மா அக்கா குடுவை கழுவ வந்தார். இந்த லேபில் என்னைவிடப் பழையவர், எந்த புரொபசர் எந்த வருடம் யாரோடு பேச்சை நிறுத்தினார் என்பதுவரை தெரியும். "என்ன பாப்பா, பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்திருக்க? காலைல தின்னியா?" "தின்னேன்க்கா." "மொகத்தப் பாத்தா தின்ன மொகமாத் தெரியலயே." குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பினார். "இன்னைக்கு எத்தன உசுரு?" அவர் எப்போதும் இப்படித்தான் கேட்பார். குழிக்கு ஒரு லட்சம் என்று நான் ஒருமுறை விளையாட்டாகச் சொல்லிவைக்க, அன்றிலிருந்து ஆத்தாடி ஆத்தாடி என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். "தெரியலக்கா, ரெண்டு மணிக்குத் தெரியும்" என்றேன். "பெறகு எதுக்கு இங்கயே காவலு? எந்திரிச்சுப் போயி வெளிய காத்தாட நில்லு. நீ பாத்தாலும் பாக்காட்டியும் அது ஆகுறபடிதான ஆகும்?" குழாய்ச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை. நான் எழுந்தேன், ஆனால் வெளியே போகவில்லை, மேடத்தின் அலமாரி இருக்கிற பின்னறைக்குப் போனேன். ஏன் போனேன் என்றால், எப்பவும் போடுறோமே என்றாரே, எப்பவும் என்றால் எங்கே, எந்தத் தாளில்? நான் ஆறு வருடமாக வைத்து வேலை செய்கிற செய்முறைத் தாளில் பத்துப் படிகள் இருக்கின்றன, சமையல் குறிப்பு மாதிரி, தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன், அதில் அமினோகுவானிடின் கிடையாது.

மூலத்தாள் இருந்த கோப்பு எளிதாகக் கிடைத்துவிட்டது, கிடைக்காமல் இருந்திருக்கலாம். மேடத்தின் கையெழுத்து, நீல மை, மடித்த இடத்தில் கிழியத் தொடங்கிய ஃபுல்ஸ்கேப் தாள். ஒன்று முதல் பத்து வரை என் தாள் அப்படியே. அதற்குக் கீழே, தாளின் அடி விளிம்பை ஒட்டி, பதினொன்று. சீரம் சேர்த்த திரவம் எதுவானாலும் அமினோகுவானிடின் ஒரு மில்லிமோலார், மறக்கவே கூடாது, என்று ஆங்கிலத்தில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அங்கேயே அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். நான் சேர்ந்த முதல் வாரம். இந்தத் தாளைக் கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கோ என்றார். வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை, அங்கே இருந்த அண்ணன் தாளைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பெரிய சைசும்மா, நம்மகிட்ட ஏ-ஃபோர்தான் இருக்கு, கீழ கொஞ்சம் கட்டாகும்" என்றார். சொன்னார். அவர் சொன்னது, அவர் சட்டையின் நிறம், கடைக்குள் ஊதுபத்தி வாசம், எல்லாம் இப்போது வந்து நிற்கிறது, ஆறு வருடம் எங்கே போயிருந்ததோ. "பரவால்லண்ணே" என்றேன். கீழே வெறும் விளிம்புதானே என்று நினைத்தேனா, பார்த்தேனா, பார்க்கவில்லை, மழை வருகிற மாதிரி இருந்தது, மேடம் காத்திருக்கிறார் என்ற பயம் வேறு. பரவால்லண்ணே. ஒன்றரை அங்குலம். ஆறு வருடம், இரண்டு மாநாடு, ஒரு பரிசு, நூற்று எண்பது பக்கம், எல்லாம் அந்த ஒன்றரை அங்குலத்துக்குள் போய்விட்டது. அந்த அண்ணன்மேல் கோபப்படப் பார்த்தேன், வரவில்லை, அவர் சொல்லிவிட்டுத்தானே எடுத்தார். மேடம்மேல் கோபப்படப் பார்த்தேன், கொஞ்சம் வந்தது. என் நகல் தாளை ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாங்கிப் பார்த்திருக்கலாமே. பிறகு அதுவும் அடங்கிவிட்டது, கோபப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டே கால். ஒரு வரி எழுதினால் போதும் என்று மனசு ஆரம்பித்தது. ஆம், எல்லாச் சோதனைகளிலும் அமினோகுவானிடின் சேர்க்கப்பட்டது. எண்ணிப் பார்த்தால் நாலைந்து சொல். கேள்வி கேட்டவர் நன்றி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். யாரும் வந்து என் குழிகளைத் தோண்டப்போவதில்லை. மேடம் போட்டிருப்பதாகவே நம்புகிறார், அவர் ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார், என் தீசிஸ்தான் கடைசி, அதையும் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் பாளையங்கோட்டை போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். நான் ஏதாவது கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து பிறகு ஸ்பெர்மின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன். யாருக்கு என்ன நஷ்டம்? இப்போதே அந்தத் தட்டை எடுத்து பிளீச்சிங் வாளியில் போட்டுவிட்டால், ஊதாவா மஞ்சளா என்று நானும் பார்க்காமல் போட்டுவிட்டால், எனக்கே தெரியாமல் போய்விடும். தெரியாததைச் சொல்லாமலிருப்பது பொய் ஆகாதே. நான் எழுந்து இன்குபேட்டர் வரை நடந்தேன், கைப்பிடியில் கை வைத்தேன், அப்போது போன் அடித்தது.

இசக்கி. "க்கா, சாப்ட்டியா?" "இல்லட்டி, நீ?" "இப்பத்தான். மாத்திரைய ஏத்திட்டாருக்கா டாக்டர். மூஞ்சி இன்னும் வீங்கும்னு நெனைக்கேன். அல்வாக் கடைக்காரி என்ன ஊதிட்டீங்கன்னு கேக்கா, ஆமா, ஒங்க கடை அல்வாதான்னேன்." சிரித்தாள். நானும் சிரித்தேன், சத்தம் மட்டும் வந்தது. "க்கா, ஒன் பேப்பரு எப்ப வரும்? டாக்டர்ட்ட சொல்லிருக்கேன், எங்கக்கா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா, அச்சுல வந்ததும் கொண்டாரேன்னு. சரிம்மா கொண்டா, படிச்சுப் பாக்கேன்னாரு. சும்மா சொல்லலக்கா, நெசமாவே கேட்டாரு." நான் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தேன். அந்த டாக்டர் நல்லவர், நிஜமாகவே படிப்பார். படித்துவிட்டு, இதில் ஏதோ இருக்கிறதே என்று இவளைப் பார்ப்பார், இவள் நம்புவாள். "பாக்கலாம்ட்டி" என்றேன். "என்ன, கொரல் ஒரு மாதிரி இருக்கு?" "ஒண்ணுமில்ல, முதுகு வலி." "ஒனக்கு எப்பவும் முதுகுதான். வேலய முடிச்சிட்டு ஊருக்கு வாக்கா, ரெண்டு நாளு கெட." வைத்துவிட்டாள். தட்டு உள்ளேயே இருந்தது. வாளியில் போடுவது என்கிற யோசனை போன இடம் தெரியவில்லை, ஆனால் அது போனதால் பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. இனி பார்த்தே ஆகவேண்டும்.

ஒன்று. ஒன்று இருபது. ஒன்று முப்பத்தைந்து. எதையாவது நினைக்கலாம் என்றால் நினைப்பு சுற்றிச் சுற்றி அந்தப் பன்னிரண்டு குழிக்கே வருகிறது. அதில் இருப்பது என் ரத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லை, யாரிடமும் கேட்கவும் தைரியமில்லை, எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது, அதனால் பல்லால் ரப்பர் பட்டையைக் கடித்து இழுத்துக் கட்டி நானே குத்திக்கொண்டேன். இடது முழங்கை மடிப்பில் கன்றிப்போய்ப் பச்சையாக இருக்கிறது. செத்துப் போ என்று என் செல்லையே இரண்டு நாளாகச் சபித்துக்கொண்டிருக்கிறேன். செத்தால்தான் எனக்கு டாக்டர் பட்டம். நான் ஒன்றும் கெட்டவள் இல்லை, களைத்துப்போனவள், களைத்துப்போனவர்களுக்கு இது சரி இது தப்பு என்பதெல்லாம் கொஞ்சம் தூரத்தில் தெரியும், கண்ணாடி போடாமல் பஸ் போர்டைப் படிப்பதுபோல. இரண்டு ஐந்து. இரண்டு எட்டு. பத்து ஆகும்வரை நின்றேன், நான்கு மணி நேரம் என்றால் நான்கு மணி நேரம், இந்தக் கடைசித் தட்டையாவது ஒழுங்காகச் செய்யவேண்டும். திறந்தேன். மேல் வரிசை, ஸ்பெர்மின் மட்டும், மஞ்சள், எப்போதும்போல. கீழே அந்தப் பன்னிரண்டு. நல்ல ஊதா. ஒன்றுகூட வெளிறவில்லை, பன்னிரண்டும் அடி வரைக்கும் ஊதா. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி, அப்பாடா பிழைத்துவிட்டதே என்று நெஞ்சு குளிர்ந்தது. அதற்கு அடுத்த நொடிதான் மற்றதெல்லாம் வந்தது. அழவில்லை. அழுவதானால் உட்காரவேண்டும், உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டேன் என்று தோன்றியது. தட்டை எடுத்துக்கொண்டு, அந்த ஃபுல்ஸ்கேப் தாளையும் எடுத்துக்கொண்டு நேரே மேடம் அறைக்கு நடந்தேன்.

மேடம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊறுகாய் டப்பாவின் மூடியை மூடிவிட்டு நிமிர்ந்தார். "சொல்லும்மா." நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, ஜெராக்ஸ் கடையிலிருந்து ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன், பரவால்லண்ணே என்று சொன்னதையும் சொன்னேன். போட்டேன் என்று அன்றைக்குத் தலையை ஆட்டியது பொய் என்றும் சொன்னேன். அவர் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, தட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "யார் சொல்லிப் பண்ணின?" "யாரும் சொல்லல மேடம்." "வேற யாராவது பாத்தாங்களா இத?" மூடிவைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கொஞ்சம் ஆசையும் இருந்தது, மறைக்கமாட்டேன், அவரே சொல்லிவிட்டால் நான் சொன்னபடி கேட்ட மாணவியாகிவிடலாம். "இல்ல மேடம். நான் மட்டுந்தான்." அவர் தாளைப் பார்த்தார், தன் கையெழுத்தை, அந்த இரண்டு கோட்டை. "ஆறு வருஷத்துல ஒருநாள் உன் தாளை வாங்கி நான் பாத்திருக்கணும்" என்றார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தார். "ஒரு தட்டு போதாது செண்பகம். ஒரே ஆளோட ரத்தம், பாத்தது ஒரே ஆளு. அச்சுல போறதுக்கு முன்னாடி நாம தப்புன்னு நாமளே எழுதணும்னா அதுக்கும் ஒழுங்கா ஆதாரம் வேணும். வெள்ளிக்கிழமை தீசிஸ் இல்ல. அப்ளிகேஷன் எழுதி நீட்டிப்பு கேக்கலாம்." "நீங்க ஏப்ரல்ல..." "அதை அப்புறம் பாப்போம்" என்றார். திரும்ப வந்து உட்கார்ந்தார். சேலை பிளவுஸின் கையை மேலே ஏற்றினார், மெலிந்த கை, தோல் தளர்ந்து, நரம்பு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அதை மேஜைமேல், டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில், என் பக்கமாக நீட்டி வைத்தார். "என்னுத எடு" என்றார். "இருபது மில்லி போதுமா?"